சிறகுள்ள வௌவால்... மரமே உலகமான நத்தை! ஒரே தீவில் உயிர் பிழைக்கப் போராடும் இருவர்

2019-ம் ஆண்டு, ஜனவரி 1. உலகம் புத்தாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த நாளில், பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவில் ஜார்ஜ் இறந்துபோனது. அதற்கு வயது 14.

ஜார்ஜ் ஒரு நத்தை. அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபல்வா என்ற மர நத்தை இனத்தில் மனிதர்கள் அறிந்தவரை கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே ஒரு உயிர் அதுதான். அதோடு அந்த இனமே முடிந்துபோனது. ஒரு நத்தையின் மரணம் உலகம் முழுக்கச் செய்தியானது.

அதே தீவில், இருட்டும் நேரத்தில் இன்னொரு உயிர் சிறகு விரித்துக் கிளம்புகிறது. ஹவாய் வௌவால். ஜார்ஜின் சொந்தக்கார நத்தைகளைப் போலவே, இதுவும் அமெரிக்க அரசின் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது.

ஒன்று ஒரே இரவில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும். மற்றொன்று பிறந்த மரத்தைவிட்டுப் பெரும்பாலும் வெளியே போகாது. இரண்டுக்கும் ஆபத்து என்னவோ ஒன்றுதான், நாம். ஆனால், இரண்டையும் காப்பாற்றும் வழி ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம் வாங்க.

பறந்து வந்த விருந்தாளி

ஹவாய்த் தீவுகள் கடலுக்கு அடியிலிருந்து வெடித்துக் கிளம்பிய எரிமலைகள். எந்தக் கண்டத்தோடும் ஒட்டி இருந்ததில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா கரையிலிருந்து சுமார் 3,700 கிலோமீட்டர் தூரம். யானையோ, குரங்கோ, நரியோ, எலியோகூட அங்கே தானாகப் போய்ச் சேர வழியே இல்லை.

போய்ச் சேர்ந்தது வௌவால். வட அமெரிக்காவில் வாழும் நரைமுடி வௌவால்களில் சில, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கடலைத் தாண்டியிருக்கின்றன. காற்று தள்ளியதா, வழி தவறியதா தெரியாது. வந்தவை அங்கேயே தங்கிப் பெருகி, மெல்ல மெல்ல மாறி, இன்று தனி இனம் என்று விஞ்ஞானிகள் சொல்லும் அளவுக்கு வேறாகிவிட்டன. ஹவாயில் இன்று வாழும் பாலூட்டிகளில், மனிதன் கொண்டுவராமல் தானாக வந்து நிலத்தில் வாழ்வது இது ஒன்றுதான். பன்றி, எலி, கீரி, ஆடு எல்லாமே கப்பலில் வந்தவை.

உடம்பு சுமார் 15 கிராம்தான் இருக்கும். சிறகை விரித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேல் நீளம். பழுப்பு ரோமங்களின் நுனியில் வெள்ளை படிந்திருப்பதால், பனி விழுந்தது போலத் தெரியும்.

ஹவாய் மக்கள் இதை 'ஓபேஆபேஆ' என்கிறார்கள். சேம்பு இலையைப் பாதியாகக் கிள்ளினால் மிஞ்சும் வடிவத்தைக் குறிக்கும் சொல் என்கிறார்கள். படகின் பாயைக் குறிப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே அதன் சிறகுக்குப் பொருந்துகிறது.

வௌவால் என்றதும் கோயில் மண்டபத்திலோ, பாழடைந்த கட்டடத்திலோ கூட்டமாகத் தொங்குவதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஓபேஆபேஆ அப்படி இல்லை. அது தனிமை விரும்பி. பகலில் ஏதாவது ஒரு மரத்தின் இலைகளுக்குள் காய்ந்த சருகு போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்றால்கூடக் கண்ணில் படாது. இரவில் வெளியே வந்து அந்துப்பூச்சி, வண்டு, ஈசல் என்று பிடித்துத் தின்னும்.

வருடத்துக்கு ஒரே ஒரு பிரசவம். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். பறக்கத் தெரியும்வரை அந்தக் குட்டிகளுக்கு அம்மா விட்டுப்போன மரம்தான் வீடு.

மரத்திலேயே ஒரு வாழ்க்கை

இப்போது நத்தையிடம் வருவோம். ஹவாயின் தலைநகர் ஹோனலூலு இருக்கும் தீவு ஓஆஹு. அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த மர நத்தைப் பேரினம் அகாட்டினெல்லா. மொத்தம் 41 இனங்கள். ஜார்ஜின் இனம் அவற்றில் ஒன்று.

சிறகு இல்லாத நத்தை எப்படிக் கடல் தாண்டியது? பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டோ, புயலில் பறந்த இலையிலோ, மிதந்துவந்த மரத்திலோ முன்னோர்கள் வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. வந்த சில நத்தைகளிலிருந்து ஹவாய்த் தீவுகள் முழுக்க 750-க்கும் மேற்பட்ட நத்தை இனங்கள் உருவாகின.

காரணம் எளிது. நத்தையால் பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாது. இந்த மலைமுகட்டில் இருப்பது அடுத்த முகட்டில் இருப்பதைச் சந்திக்கவே போவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிரிந்தே வாழ்ந்தால், ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு நிறம், ஒரு கோடு, ஒரு இனம். மஞ்சள், பச்சை, காப்பி நிறம், வெள்ளைப் பட்டை என்று ஓடுகள் மணி போல மின்னும். 'காட்டின் ஆபரணங்கள்' என்றே அவற்றைச் சொல்வார்கள். 1850-களில் மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த ஜான் தாமஸ் குலிக் என்ற இளைஞர் இந்த ஓடுகளை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓடு மாறுவதைப் பார்த்து, 'பிரிந்து வாழ்வதாலேயே புது இனம் உருவாகும்' என்று எழுதினார். பரிணாம அறிவியலில் இன்றும் பேசப்படும் கருத்து அது.

நம் ஒப்பீட்டுக்கு, ஜார்ஜின் உறவுக்கார இனமான அகாட்டினெல்லா முஸ்டெலினாவை எடுத்துக்கொள்வோம். ஓஆஹுவின் மேற்கே இருக்கும் வயனாயே மலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஓடு சுமார் இரண்டு சென்டிமீட்டர். நம் தோட்டத்து நத்தை போல இலையைக் கடித்துத் தின்னாது. இலைமேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பூஞ்சையை இரவில் சுரண்டிச் சாப்பிடும். மரத்துக்குத் துளி சேதம் கிடையாது. இலையைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலையாள் என்றே சொல்லலாம்.

முட்டையும் போடாது. குட்டிதான் போடும். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. வருடம் முழுக்கச் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குட்டி வளர்ந்து தாயாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். வாழ்நாள் முழுவதும் ஒரே மரம், இல்லையென்றால் கிளை உரசும் பக்கத்து மரம்.

இரவில் காட்டில் கேட்கும் மெல்லிய ஒலி இந்த நத்தைகளின் பாட்டு என்று ஹவாய் மக்கள் நம்பினார்கள். 'காஹுலி' என்று அழைத்து, பாடல்களிலும் சேர்த்துக்கொண்டார்கள். நத்தைக்குக் குரல் கிடையாது. அது சில்வண்டின் சத்தமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாட்டு யாருடையதாக இருந்தாலும், அந்த மக்களின் மனதில் நத்தைக்கு ஓர் இடம் இருந்தது.

நேருக்கு நேர்

* வீடு: வௌவாலுக்குக் கடலோரம் முதல் மலைச்சரிவு வரை எல்லாம் வீடு. நத்தைக்கு ஒரு மரம்.
* சாப்பாடு: வௌவாலுக்குப் பறக்கும் பூச்சி. நத்தைக்கு இலைமேல் படியும் பூஞ்சை.
* குட்டி: வௌவாலுக்கு வருடத்துக்கு இரண்டு. நத்தைக்கு ஒவ்வொன்றாக, வருடத்துக்குச் சில.
* ஆபத்து வந்தால்: வௌவால் பறந்துவிடும். நத்தை ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.
* கணக்கெடுப்பு: வௌவாலை எண்ணுவது பெரும்பாடு. அதன் மீயொலியைப் பிடிக்கும் கருவிகளை வைத்து, வந்துபோவதைத்தான் பதிவு செய்ய முடியும். நத்தையை மரம் மரமாக டார்ச் அடித்து எண்ணலாம்.
* பட்டியலில் சேர்ந்தது: வௌவால் 1970-ல். அகாட்டினெல்லா பேரினம் முழுவதும் 1981-ல்.

எமனாக வந்த 'மருந்து'

நத்தைகளின் வீழ்ச்சி ஒரே நாளில் நடந்ததல்ல. காடுகள் விளைநிலங்களாகின. 19-ம் நூற்றாண்டில் ஓடு சேகரிப்பது பொழுதுபோக்காகி, கூடை கூடையாக அள்ளினார்கள். கப்பலில் வந்த எலிகள் ஓட்டைக் கொறித்து உள்ளிருப்பதைத் தின்றன. ஆனால், பெரிய அடி விழுந்தது 1955-ல்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1936-ல் ஹவாய்க்குள் நுழைந்தது ராட்சத ஆப்பிரிக்க நத்தை. நமக்கும் தெரிந்த ஆசாமிதான். 1847-ல் மொரீஷியஸிலிருந்து ஓர் ஆங்கிலேயர் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. இன்று மழைக்காலத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாழை, பப்பாளி, காய்கறி என்று எல்லாவற்றையும் மேய்ந்து தள்ளுகிறது. ஒரே தடவையில் நூறு, இருநூறு முட்டைகள் போடும்.

ஹவாய் விவசாயிகளும் திணறினார்கள். 'முள்ளை முள்ளால் எடுப்போம்' என்று அதிகாரிகள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் நத்தை என்று பெயர். மற்ற நத்தைகள் ஊர்ந்துபோன ஈரத்தடத்தை மோப்பம் பிடித்தே பின்தொடரும். சின்ன நத்தையை ஓட்டோடு விழுங்கிவிடும். நத்தை வேகத்தில் இது வேகமானது.

நடந்தது என்ன? தரையில் கிடக்கும் முரட்டு ஆப்பிரிக்க நத்தையைத் தேடுவதைவிட, மரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் சின்ன நத்தை ஓநாய் நத்தைக்குச் சுலபமான சாப்பாடாக இருந்தது. மரமேறித் தின்றது. மலைமுகடு மலைமுகடாகக் காலி செய்தது. ஆப்பிரிக்க நத்தை இன்றும் ஹவாயில் சௌக்கியமாக இருக்கிறது.

வருடத்துக்குச் சில குட்டிகள் போடும் ஓர் உயிர், இப்படி ஒரு வேட்டையாளியை எதிர்கொள்ளத் தயாராகவே இல்லை. அதன் பல லட்சம் வருட வாழ்க்கையில் அப்படி ஓர் எதிரியைப் பார்த்ததே கிடையாது. போதாக்குறைக்கு, 1970-களில் வீட்டில் வளர்க்க வந்து காட்டுக்குத் தப்பிய ஜாக்சன் பச்சோந்தியும் நத்தை தின்னும் கூட்டணியில் சேர்ந்துகொண்டது.

நம் தோட்டத்திலும் ஆப்பிரிக்க நத்தை வந்தால், கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி எடுத்து உப்புத் தண்ணீரில் போடுவதுதான் பாதுகாப்பான வழி. வெறும் கையால் தொடக் கூடாது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். பொறுக்கும் வேலை அலுப்பானதுதான். ஆனால், 'இதைத் தின்ன இன்னொன்றைக் கொண்டுவந்து விடலாம்' என்ற குறுக்குவழியின் விலை என்ன என்பதை ஹவாய் பார்த்துவிட்டது.

சுழலும் இறக்கைகள்

வௌவாலின் பிரச்னை வேறு. அதை மரமேறித் துரத்தும் எதிரி பெரிதாக இல்லை. அதற்கு வினையாக வருவது நல்ல நோக்கத்தோடு வைத்த இயந்திரம்.

2015-ம் ஆண்டு ஹவாய் மாநிலம் இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, 2045-க்குள் மின்சாரம் முழுவதையும் சூரியன், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்தே எடுப்போம் என்ற சட்டம். நிலக்கரி, டீசலைக் கப்பலில் கொண்டுவந்து எரித்துக்கொண்டிருந்த தீவுக்கு அவசியமான முடிவு. இன்னொன்று, ஓபேஆபேஆவை மாநிலத்தின் அதிகாரப்பூர்வ நில விலங்காக அறிவித்தது.

இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பது காற்றாலைகளுக்குக் கீழே இறந்துகிடந்த வௌவால்களைப் பார்த்தபோது உறைத்தது. இருட்டில் கொசுவைக்கூடக் குறிவைத்துப் பிடிக்கும் உயிருக்கு, அசுர வேகத்தில் சுழலும் இறக்கையின் நுனியைக் கணிக்க முடியவில்லை. வருடத்துக்கு இரண்டு குட்டி போடும் இனத்தில் ஒரு தாய் இறந்தால், அந்த இழப்பு ஈடாகச் சில வருடங்கள் ஆகும்.

காற்றாலையை மூடிவிடலாமா? அதுவும் முடியாது, பருவநிலை மாற்றம் வௌவாலையும் விடாது. எனவே, நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். வௌவால்கள் அதிகம் பறப்பது காற்று மெதுவாக வீசும் இரவுகளில். அந்த நேரத்தில் கிடைக்கும் மின்சாரமும் குறைவுதான். எனவே, காற்று ஓரளவு வேகம் பிடிக்கும்வரை இரவில் இறக்கைகளைச் சுழலவிடாமல் வைக்கிறார்கள். கொஞ்சம் மின்சாரம் நஷ்டம். ஆனால், பல உயிர்கள் தப்புகின்றன. வௌவாலுக்கு எரிச்சலூட்டும் மீயொலியை எழுப்பும் கருவிகளையும் சில காற்றாலைகளில் பொருத்தியிருக்கிறார்கள்.

மரம் வெட்டுவதற்கும் ஒரு விதி உண்டு. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, 15 அடிக்கு மேல் உயரமான மரங்களை வெட்டக் கூடாது என்று வனவிலங்குத் துறை அறிவுறுத்துகிறது. காரணம், அந்த மாதங்களில் ஏதோ ஓர் இலைக்குள் பறக்கத் தெரியாத குட்டி தொங்கிக்கொண்டிருக்கலாம். வேலியின் மேல் வரிசையில் முள்கம்பி கட்ட வேண்டாம் என்பதும் இன்னொரு அறிவுரை. பறக்கும்போது சிறகு மாட்டிக்கொண்டால், அதனால் விடுபட முடியாது.

கவனித்துப் பாருங்கள். வௌவாலுக்காகச் சொல்லப்படும் எல்லாமே 'செய்யாதே' ரகம். வெட்டாதே. சுழற்றாதே. கட்டாதே. நாம் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டால் போதும். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மலைமேல் ஒரு கோட்டை

நத்தைக்கு அது போதாது. இன்றைக்கு மனிதர்கள் எல்லோரும் ஓஆஹுவை விட்டுக் கிளம்பினாலும், நாம் கொண்டுவந்த எலியும் ஓநாய் நத்தையும் பச்சோந்தியும் அங்கேயே இருக்கும். சும்மா விட்டால் நத்தை அழிந்துபோகும்.

எனவே, அதற்குக் கோட்டை கட்டுகிறார்கள். வயனாயே மலையில் முஸ்டெலினா மிஞ்சியிருக்கும் இடங்களில், காட்டின் ஒரு சிறு பகுதியைச் சுற்றி வழுவழுப்பான சுவர். எலி ஏற முடியாது. பச்சோந்திக்கும் பிடிமானம் கிடைக்காது. ஓநாய் நத்தைக்கென்று தனி ஏற்பாடு: சுவரின் வெளிப்பக்கம் கீழ்நோக்கி மடங்கிய விளிம்பு, நறுக்கிய செம்புக் கம்பிவலை, லேசான மின்சாரம் ஓடும் கம்பி. மூன்றையும் தாண்டினால்தான் உள்ளே வர முடியும்.

சுவர் கட்டியதோடு வேலை முடிவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஓநாய் நத்தைகளைக் கையால் தேடிப் பொறுக்க வேண்டும். இலைக்குவியலுக்கு நடுவே, ஒன்றுகூட விடாமல். சுவர்மேல் ஒரு கிளை முறிந்து விழுந்தால் அதுவே எதிரிக்குப் பாலமாகிவிடும். எனவே, விடாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த வேலிகளில் பலவற்றைக் கட்டிப் பராமரிப்பது யார் தெரியுமா? அமெரிக்க ராணுவத்தின் இயற்கை வளக் குழு. அந்த மலைப்பகுதியில் ராணுவத்தின் பயிற்சி நிலங்கள் இருக்கின்றன. அங்கே பயிற்சி நடத்த வேண்டுமென்றால் அழியும் உயிர்களைக் காக்க வேண்டும் என்பது சட்டம்.

மலையில் காப்பாற்ற முடியாத இனங்களுக்கு ஆய்வுக்கூடம்தான் புகலிடம். ஜார்ஜின் கதையும் அங்கேதான் நடந்தது. 1997-ல் அதன் இனத்தில் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பத்து நத்தைகளை ஹவாய் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சில குட்டிகளும் பிறந்தன. ஆனால், ஒவ்வொன்றாக இறந்து, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. கலாபகஸ் தீவின் கடைசி பின்டா ஆமைக்கு வைத்த 'தனிமை ஜார்ஜ்' பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

இந்த நத்தைகளில் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஆனாலும், இனப்பெருக்கத்துக்குத் துணை வேண்டும். ஜார்ஜுக்குத் துணை தேடி மலையெல்லாம் அலைந்தார்கள். கிடைக்கவே இல்லை. 2017-ல் அதன் பாதத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் சதைத்துணுக்கை எடுத்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் இருக்கும் உறைநிலைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அந்த இனத்தின் உயிருள்ள செல்களாக மிஞ்சியிருப்பது அதுதான்.

ஒரு விநோதம் பாருங்கள். ஹவாய் நத்தைகளிலேயே முதன்முதலில் வெளியுலகம் அறிந்து பெயர் வைத்தது ஜார்ஜின் இனத்துக்குத்தான். 1780-களில் ஹவாய்க்கு வந்த கப்பல் தலைவர் ஜார்ஜ் டிக்சனுக்குக் கிடைத்த ஓடு மாலையில் இந்த நத்தையின் ஓடும் இருந்தது. 1789-ல் அதைப் பற்றி எழுதினார்கள். மாலையாகக் கோக்கும் அளவுக்கு மலிந்து கிடந்த இனம், 230 ஆண்டுகளில் முடிந்துபோனது.

இரண்டு விதமான அக்கறை

வௌவாலையும் நத்தையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. தொந்தரவு செய்யாமல் விட்டாலே பிழைக்கும் உயிர்கள் உண்டு. அவற்றிடம் நாம் காட்ட வேண்டியது பொறுமை: மூன்றரை மாதம் மரத்தை வெட்டாமல் காத்திருப்பது, காற்று குறைந்த இரவில் இயந்திரத்தை நிறுத்தி வைப்பது.

இன்னும் சில உயிர்களிடம், 'இனிமேல் தொட மாட்டோம்' என்று சொல்லும் கட்டத்தை நாம் தாண்டிவிட்டோம். நாம் செய்த தவறு நாம் இல்லாமலேயே அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. அவற்றுக்கு தினசரி உழைப்பு தேவை. கைதட்டல் கிடைக்காத, முடிவே இல்லாத உழைப்பு.

ஓஆஹுவில் இன்றும் அந்த உழைப்பு நடக்கிறது. மலைக்காட்டின் குளிரையும் ஈரத்தையும் போலவே அமைத்த பெட்டிகளுக்குள், அழிவின் விளிம்பில் இருக்கும் நத்தை இனங்கள் பல வளர்கின்றன. சில இனங்கள் உலகத்தில் வேறு எங்குமே இல்லை. அவற்றுக்குச் சாப்பாட்டுக்காகப் பூஞ்சையை ஆய்வுக்கூடத்திலேயே வளர்க்கிறார்கள். அது மட்டும் போதாது என்பதால், ஊழியர்கள் மலையேறி, நத்தைகளுக்குப் பழகிய மரங்களின் கிளைகளை ஒடித்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். பெட்டியைத் திறந்து, பழைய இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அரிசி அளவுக் குட்டி ஏதாவது ஒட்டியிருந்தால் மெதுவாக எடுத்துப் புது இலைக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். சில நாள்களில் அந்த இலையும் பழசாகும். மறுபடியும் மலையேறுகிறார்கள்.